ஜப்பான் வரைக்கும் ஒரு கம்பி

“கத்தாதே சகுந்தலா, ஜப்பான் பேசுது” என்றேன், ஹாம் ரேடியோவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“பேசட்டும். மாடில போர்வை காயுது, தூறல் போடுது. என் கையெல்லாம் மாவு” என்றாள் என் மனைவி சமையலறையிலிருந்து.

போர்வையா முக்கியம்? பக்கத்தில் எங்கள் படூர் குடியிருப்பின் செயலாளர் வசுமதி மேடம் உட்கார்ந்திருந்தார். மொட்டை மாடியில் நான் கட்டிய ஆன்டெனா கம்பியை நாளைக்கு இறக்கப் போகிறார்கள். இன்றைக்குள் ஒரு வெளிநாட்டுக்காரரோடு பேசிக் காட்டினால் பிழைக்கும். ரிட்டையர் ஆனவனுக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் அது. மூன்று மாதமாக அதில் ‘உஸ்ஸ்’ தவிர வேறெதுவும் கேட்டதில்லை என்பதை மேடத்திடம் சொல்லவில்லை.

இன்று கூப்பிட்ட இரண்டாவது நிமிடம் பதில் வந்தது. இங்கிலீஷில், இளம் குரல். சிக்னல் ஊசி கடைசிக் கோட்டில் போய் முட்டி நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அந்தப் பதற்றத்தில் எந்த நாடு என்று காட்டிக்கொடுக்கும் அவருடைய அழைப்புக்குறியை எழுதாமல் விட்டேன். லைசென்ஸ் பரீட்சையில் முதல் பாடமே அதுதான். வார்த்தைக்கு வார்த்தை தேங்க்யூ சொன்னதால் ஜப்பான் என்று நானே முடிவு கட்டினேன்.

“இவ்ளோ தெளிவா கேக்குதே, நெஜமா ஜப்பானா சார்?” என்றார் மேடம்.

“பின்னே? இந்த அலை வானத்துக்குப் போய், அங்க ஒரு அடுக்குல முட்டி, ரெண்டாயிரம் மைல் தள்ளி இறங்கும். அப்படி ரெண்டு தாவு தாவினா ஜப்பான். இங்க இருக்கிற கருங்குழி ஊருக்குக்கூடக் கேக்காது. எல்லாம் கம்பி நீளத்துல இருக்கு மேடம், சென்டிமீட்டர் சுத்தமா அளந்து வெட்டினேன்.”

அளந்தது சகுந்தலாவின் தையல் டேப்பில். அதையும் சொல்லவில்லை.

மைக்கில், “அங்கே வானிலை எப்படி?” என்று இங்கிலீஷில் கேட்டேன். இப்போதுதான் தூறல் ஆரம்பித்திருக்கிறது என்றது குரல்.

“ஜப்பான்லயும் மழையாம்” என்று மேடத்துக்கு மொழிபெயர்த்தேன்.

அவர் அசந்துபோனார். “கம்பி இருக்கட்டும் சார். கமிட்டில நான் பேசிக்கிறேன்.”

ஜெயித்தாச்சு. அத்தோடு ரேடியோவை அணைத்திருக்கலாம். சனி யாரை விட்டது? ஊர்ப் பெயரை மேடம் தன் காதாலேயே கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டிவிட்டு, “உங்களுக்கு எந்த ஊர்?” என்று கேட்டேன்.

குரல் தமிழுக்கு மாறியது.

“எதிர் பிளாக்குதான் அங்கிள். உங்க ஆன்டெனா மேல காயுதே போர்வை, அது நனையுது.”