கையில்லாத வாத்தியார்

ஒரு போர்க்கப்பலின் மருந்தறையில் ரப்பர் பொம்மை ஒன்று இருந்தது. அதற்குத் தலையும் மார்பும் மட்டும்தான். கை கால் கிடையாது. மூச்சு நின்றவரை எப்படிப் பிழைக்க வைப்பது என்று மாலுமிகள் அதன் மார்பை அழுத்தித்தான் பழகினார்கள். சரியாக அழுத்தினால் ‘டிக்’ என்று சத்தம் கொடுக்கும். இந்தக் கப்பலுக்கே நான்தான் வாத்தியார் என்று அதற்குக் கொஞ்சம் மிதப்பு. ஒரே ஒரு விஷயம்தான் அதற்குத் தெரியவில்லை. பிழைத்துக்கொண்டவர் முதலில் என்ன சொல்வார்?

ஒருநாள் மேல்தளத்தில் ஒரே அமளி. கப்பல் எலி மூச்சிரைக்க ஓடி வந்தது.

“வாத்தியாரே, சமையல்காரர் ரொசாரியோ பொத்துன்னு விழுந்துட்டார். மூச்சே இல்லை. உங்க பிள்ளைங்க நாலு பேர் மாத்தி மாத்தி அழுத்தினாங்க. கண்ணைத் திறந்துட்டார்!”

“அப்படிப் போடு! முதல்ல என்ன சொன்னார்? சீக்கிரம் சொல்லு.”

எலி தயங்கியது. “எவன்டா என் கைமேல முட்டி போட்டதுன்னு முனகினார். விரலெல்லாம் வீங்கிப் போச்சு. நாலு பேருமே அதுமேலதான் மண்டி போட்டிருக்காங்க.”

பொம்மை தன் தோளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தது.

“கையா?” என்றது. “அது எங்கே இருக்கும்?”