உண்டியலும் பூனைக்கூடையும்

அலமாரியில் ஒரு மண் உண்டியல் இருந்தது. அதன் கீழே ஒரு பிரம்புக் கூடை. மிளகையும் சுக்கையும் கருத்தடை ஆபரேஷனுக்குத் தூக்கிப் போவதற்காக வாங்கிய கூடை அது. இரண்டும் ஒரே ஈற்றுப் பூனைக்குட்டிகள். மிளகு ஆண், சுக்கு பெண். ஐந்து மாதம் முடிந்திருந்தது.

“ஒரு ஆபரேஷனுக்கு எங்கிட்ட இருக்கு” என்றது உண்டியல்.

“அப்போ சுக்கு முதல்ல போகட்டுமே” என்றது கூடை.

வீட்டுக்காரி பரிமளா உண்டியலைக் குலுக்கிப் பார்த்தாள். “ரெண்டுக்கும் சேரட்டும். ஒரே ஆட்டோவுல போயிட்டு வந்திடலாம். அண்ணன் தங்கச்சிதானே, என்ன அவசரம்?”

“அது பூனைக்குத் தெரியுமா?” என்றது கூடை.

“ஆட்டோ காசு மிச்சமாகுது, நீ சும்மா இரு” என்றது உண்டியல். வாய்வரை நிறைந்துவிட வேண்டும் என்று அதற்கும் ஆசை.

நடுவில் சுக்கு நாலு நாள் ஓயாமல் கத்தியது. பசி என்று நினைத்துப் பரிமளா கருவாடு போட்டாள். பிறகு வயிறு பெருத்தது. கருவாடு உடம்பில் ஒட்டுகிறது என்று சந்தோஷப்பட்டாள்.

மூன்றாம் மாதம் ஒரு காலையில் உண்டியல் கர்வமாகச் சொன்னது: “நான் நிறைஞ்சுட்டேன். கிளம்பு.”

கூடைக்குள் கண் திறக்காத நாலு குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக நெளிந்துகொண்டிருந்தன.

“நானும்தான்” என்றது கூடை.