திமிங்கலம் பார்க்கப் போன பெட்டி

திமிங்கலங்கள் இந்த வாரம் தினமும் தெரிகின்றன, எந்தத் தேதி என்று சொன்னால் போதும் என்று படகுக்காரர்கள் அனுப்பியிருந்த செய்தியைச் சலூன்காரர் இரண்டு தடவை படித்தார்.

கைபேசியை மேஜையில் கவிழ்த்து வைத்தார். கவிழ்த்து வைத்தால் திமிங்கலம் முங்கிவிடுமா என்ன?

"என்ன சொல்றாங்க?" என்றாள் மனைவி. கட்டில்மேல் சக்கரம் வைத்த நீலப் பெட்டி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"காத்து பலமா இருக்காம்."

அவள் வந்து கைபேசியைத் திருப்பிப் படித்தாள். "ஞாயித்துக்கிழமைன்னு போடுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி துணி மடிக்கப் போய்விட்டாள்.

இத்தனைக்கும் கடையில் அவருக்குப் பேர் ரேடியோ. ஒரு தலையை வெட்டி முடிப்பதற்குள் ஆட்சியைக் கவிழ்த்து, புது மந்திரிசபை அமைத்து, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் மச்சானுக்குப் பெண்ணும் பார்த்துவிடுவார். சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போது வாயையும் சேர்த்து இறக்கிப் பூட்டிவிட்டு வருவார். "ம்", "சரி", "சாப்பாடு" என்ற மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய ஆள் எங்கள் கட்டடத்தில் அவர் ஒருவர்தான்.

அந்தப் பெட்டி விவகாரம் முதலில் யாருக்கும் பிடிபடவில்லை. ஒரு நாள் படகில் போய் ஒரு மீனைப் பார்த்துவிட்டு வர (அது மீனே இல்லையாம், இருக்கட்டும்) இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற பெட்டி எதற்கு?

"திமிங்கலத்தப் புடிச்சு உள்ள போட்டுக் கொண்டு வரப் போறியாக்கா?" என்று கீழ்வீட்டுக்காரி படிக்கட்டிலேயே மடக்கிக் கேட்டாள். சலூன்காரர் மனைவி சிரித்தாள். சொல்லவில்லை. சொல்லாவிட்டால் தெரியாமல் போய்விடுமா?

சங்கதி இதுதான். கல்யாணமான புதிதில் அவர் அவளுக்குக் காட்டுகிறேன் என்று சொன்னது ஒன்றே ஒன்று, அந்தக் கடலோரச் சின்ன ஊரில் வருகிற திமிங்கலம். அதை மட்டும் பார்த்துவிட்டு, அங்கிருந்தே பஸ் ஏறித் தங்கை வீட்டுக்குப் போய்விடுகிறேன், இனி திரும்பி வரமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. சுவரோடு பேசி அலுத்துவிட்டதாம்.

"சரி" என்றாராம் இவர். வேறென்ன சொல்வார்?

அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது படகுக்காரர்களின் வழக்கம். திமிங்கலம் தெரியாமல் போனால் இன்னொரு முறை சும்மாவே கூட்டிப்போவார்கள்.

முதல் தடவை வெறும் தண்ணீர்தான். பெட்டி படிக்கட்டில் கீச்சு கீச்சென்று புலம்பிக்கொண்டே திரும்பி வந்தது. அதன் ஒரு சக்கரத்துக்குப் பிறவியிலேயே அந்தக் குரல். அதைக் கேட்டுத்தான் கட்டடமே கதவைத் திறக்கும்.

இரண்டாம் தடவையும் பெட்டி திரும்பி வந்தது. ஆனால் அன்று கடலில் நடந்ததைப் பற்றி அவர் கடையில்கூட மூச்சு விடவில்லை.

அன்று படகோட்டி முன்னால் கையை நீட்டிக் கத்தினதும் அத்தனை பேரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். பார்த்தால் வெறும் அலை. பின்பக்கம் இவர்கள் இருவர் மட்டும். அவளுக்குக் குமட்டல், வாந்திக்கென்று கொடுத்த கவரில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

அப்போதுதான் இவர் பக்கத்தில் தண்ணீர் மெல்ல வீங்கியது. ஒரு கரிய முதுகு, ஈரமாக, முடியவே முடியாததுபோல் உருண்டு போயிற்று. உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. முன்னால் போட்ட கூச்சலில் அது யார் காதிலும் விழவில்லை.

பிறந்ததிலிருந்து அவரிடம் சொல்வதற்கென்று உருப்படியாக ஒன்று இருந்தது அப்போதுதான். திரும்பி அவளைப் பார்த்தார். கவரில் குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது. தொண்டை வரை வந்ததை அப்படியே விழுங்கிவிட்டார்.

மறுநாள் கடையில் ரேடியோ கடலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசியது. வீட்டில் அவள் வழக்கம்போல் சோறு போட்டாள். தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

இப்போது என்னடாவென்றால் தினமும் தெரிகிறதாம். ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை. படகாவது கெட்டுப்போகக் கூடாதா? படகோட்டிக்கு ஒரு காய்ச்சல் கீய்ச்சல் வரக்கூடாதா?

விரலை ஞாயிற்றுக்கிழமைமேல் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். நாள்தோறும் ஆட்சியைக் கவிழ்க்கிற ஆளால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை நகர்த்த முடியவில்லை.

அழுத்திவிட்டார். 'உங்கள் இருவருக்கும் இடம் உறுதி' என்று வந்தது, பக்கத்தில் ஒரு சிரிக்கும் திமிங்கலத்தோடு.

"இந்தத் தடவை பின்பக்கம் உக்கார வேணாம்" என்றாள் அவள், மடிப்பதை நிறுத்தாமல். "போன தடவை நம்ம பக்கத்துலயே எழும்பிச்சே, நான் கவருக்கு மேல பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். அப்பவாவது வாயைத் திறந்து எங்கிட்ட சொல்லுவீங்கன்னு குனிஞ்சே கிடந்தேன். வீட்டுக்கு வந்தப்புறமும் சொல்றீங்களான்னு பார்த்தேன்."

பெட்டியின் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. அவள் அடுத்த பக்கத்தில் வைக்க ஆரம்பித்தாள்.

சலூன்காரர் எழுந்து கட்டிலருகே போய் நின்றார். அவள் கை ஒரு கணம் நின்றது.

அவர் வாயைத் திறந்தார்.

"அந்தச் சக்கரத்துக்குக் கொஞ்சம் எண்ணெய் போடட்டுமா?"