வானொலி சொன்ன வெயில்

முதலாளி ஒருவருக்கு வானொலி நிலையம் ஒன்றுதான் என்ற விதியை அரசு தூக்கி எறிந்ததும், சுற்றியுள்ள ஊர்களின் நிலையங்களையெல்லாம் ஒரே முதலாளி வாங்கிவிட்டார்; அதிலிருந்து எல்லா ஊர்களுக்கும் இந்த ஒரே அறையிலிருந்துதான் குரல் போகிறது. அறிவிப்பாளர் வேலை பார்க்கும் பெண், காலையிலேயே பதிவு செய்து வைத்த தன் குரலை, மாலையில் மேசை ரேடியோவில் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். "வெளிய பளீர்னு வெயில் அடிக்குது, குடும்பத்தோட ஆத்தங்கரைப் பக்கம் ஒரு நடை போயிட்டு வாங்க" என்று அது குழைகிறது. ஜன்னலுக்கு வெளியே மழை வெளுத்து வாங்குகிறது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். "சார், ஆத்துல தண்ணி ஏறுது. மைக்கைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிடறேன்" என்கிறாள் மேலாளரிடம். "எதுக்கும்மா வீண் வேலை? நாளைக்குக் காலையில பதிவுல சேத்துக்கலாம்." சொல்லிவிட்டு அந்தப் பெரிய மனிதர் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டுகிறார், பளபளக்கும் ஷூக்களைக் கையில் தூக்கிக்கொண்டு, தன் வானொலி சொன்ன வெயிலுக்குள் இறங்கிப் போகிறார்.