முழு ரிங்

மிஸ்டு கால் விழுந்தது. டில்லிபாபு திருப்பிக் கூப்பிடவில்லை.

கூப்பிடாமல் இருப்பது அவனுக்குப் புதுசு. தேவிப்பிரியாவிடமிருந்து அரை ரிங் வந்து நின்றால் போதும், ஓடுகிற லேத்தை நிறுத்திவிட்டு அடுத்த நிமிஷமே கூப்பிடுகிறவன்.

இப்போது சாப்பாட்டு நேரம் வேறு. அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்தப் பட்டறையே அடங்கிக் கிடந்தது. டிபன் பாக்ஸைத் திறக்காமல், போனை மடியில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

நிச்சயம் முடிந்துவிட்டது. பருத்திப்பட்டில் பெண் வீடு, நூம்பலில் மாப்பிள்ளை வீடு, இரண்டு வீட்டுக்கும் பரம திருப்தி. பெண்ணுக்குத்தான் ஒரு குறை. நேற்று போனில் கேட்டேவிட்டாள். அம்மா சொன்னதற்காகக் கட்டிக்கொள்கிறீர்களா, இல்லை நிஜமாகவே என்னைப் பிடித்திருக்கிறதா? நாளைக்குச் சாயங்காலம் அப்பா பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போகிறார். அதற்குள் வாயைத் திறந்து சொல்லாவிட்டால், இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் என்றாள்.

டில்லிபாபு 'ம்' என்றான். அதைத் தாண்டி ஒரு வார்த்தை வரவில்லை.

பிடிக்காமலா? பெண் பார்க்கப் போன அன்றைக்கே பைத்தியமாகிவிட்டவன். சிலருக்கு மனசு நிறைந்தால் வாய் அடைத்துப்போகும், என்ன செய்வது.

அதனால்தான் அந்தப் பாட்டை நம்பியிருந்தான்.

சினிமாப் பாட்டு இல்லை. பேர் வாங்கின இரண்டு பேர் சேர்ந்து பாடி வெளியிட்ட தனிப்பாட்டு. ஷேர் ஆட்டோ, டீக்கடை, கம்பெனி பஸ் என்று எங்கே போனாலும் அதுதான். முதலில் ஆண் பாடுவான், உன் முன்னால் எனக்குப் பேச்சு வரவில்லை, சொல்லாமலே தெரிந்துகொள்ளேன் என்று. பிறகு பெண் பாடுவாள், தெரியும், ஆனாலும் ஒரு தரம் உன் வாயால் சொல் என்று.

தனக்கென்றே எழுதினதுபோல் இருந்த முதல் பாதியை டில்லிபாபு காலர் டியூனாக வைத்தான். தினமும் போன் போடுகிறவள் கேட்பாள், கேட்டால் புரிந்துகொள்வாள்.

எல்லோரும் கேட்டார்கள். சூப்பர்வைசர் கேட்டுவிட்டுச் சிரித்தார். சிலிண்டர் போடுகிறவர் நல்லாருக்கு என்றார். லோன் வேண்டுமா என்று கூப்பிடும் பெண்கூடக் கேட்டிருப்பாள். தேவிப்பிரியா மட்டும் மூச்சு விடவில்லை. பாட்டும் பிடிக்கவில்லை, ஆளும் பிடிக்கவில்லை என்று அவனாகவே முடிவுகட்டியிருந்தான்.

இன்றைக்கு இந்தக் கதையைக் கேட்டதும் பக்கத்து மிஷின் யூசுப் தலையில் அடித்துக்கொண்டான்.

"மாமே, அந்தப் பொண்ணு உனுக்கு மிஸ்டு கால் தானே குடுத்துகினு கீது? அப்புறம் எங்கேர்ந்து பாட்டு கேக்கும்?"

டில்லிபாபுவுக்குப் பகீரென்றது.

வாஸ்தவம்தான். ரீசார்ஜுக்கு யோசித்த காலத்தில் அவள் வீட்டில் பழகின பழக்கம் அது. இப்போது பேசப் பேசத் தீராத பேக் இருக்கிறது, ஆனாலும் பழக்கம் போகவில்லை. ரிங் போன மாதிரி இருக்கும், கட் பண்ணிவிடுவாள். உடனே இவன் கூப்பிடுவான். போனைக் காதுக்குக் கொண்டுபோவதற்குள் எடுத்து 'சொல்லுங்க' என்பாள்.

இரண்டாவது மிஸ்டு கால் விழுந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இன்றைக்குச் சாயங்காலம்தான் கெடு; அவள் கோபித்துக்கொண்டு நேரே அப்பாவிடம் போய்விட்டால் எல்லாம் போச்சு.

மூன்றாவது தடவை ரிங் நிற்கவில்லை.

போன் மடியில் அதிர்ந்துகொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை. தன் காலர் டியூன் தனக்குக் கேட்காது என்பதால், அவள் இப்போது எந்த வரியில் இருப்பாள் என்று வாய்க்குள் கூடவே பாடிக்கொண்டு வந்தான். முழு ரிங்கும் அடித்து ஓய்ந்தது.

அப்புறம் ஒன்றுமில்லை. மிஸ்டு கால்கூட இல்லை.

இதற்குமேல் தாங்காது என்று அவனே கூப்பிட்டான்.

அவள் எடுக்கவில்லை. பழகின இத்தனை நாளில் இதுதான் முதல் தடவை. அவ்வளவுதான், முடிந்தது என்று போனைக் காதிலிருந்து எடுக்கப்போனான்.

உள்ளே மெல்ல கிடார் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல்.

அதே பாட்டு. இரண்டாம் பாதி.

தெரியும், ஆனாலும் ஒரு தரம் உன் வாயால் சொல் என்று அது பாடி முடிக்கும்வரை விட்டுவிட்டு, அதன் பிறகுதான் தேவிப்பிரியா எடுத்தாள்.

"இது இப்ப வெச்சது இல்லீங்க. பாட்டு வந்த அன்னிக்கே வெச்சேன். நீங்க கூப்ட்டா கை சும்மா இருக்க மாட்டேங்குது, உடனே எடுத்துட்றேன்."

டில்லிபாபு தொண்டையைச் செருமிக்கொண்டான். சொன்னான்.

மிஷின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தரம் சொல்லுங்கள் என்றாள்.

பட்டறையில் ஒரு மிஷினும் ஓடவில்லை. டில்லிபாபு இன்னொரு தரம் சொன்னான்.