நிறுவனர் நாளின் பிணங்கள்

மூக்கின் மேல் எறும்பு.

அசையக் கூடாது. அவள் பிணம்.

கழுத்து வரை வெள்ளைத் துணி. மேடையில் அவளுக்கு இரு பக்கமும் வரிசையாகப் பிணங்கள். எல்லாம் நாடகப் பள்ளி மாணவர்கள்.

பள்ளியின் பாடத்திட்டம் எளிமையானது. முதலாண்டு பிணம். இரண்டாமாண்டு கூட்டத்தில் ஒருவர். மூன்றாமாண்டில் வாய் திறக்கலாம், கதை இடம் கொடுத்தால்.

ஒரே ஒரு சலுகை உண்டு. நிறுவனர் நாளன்று கடைசி வரை அசையாமல் கிடக்கும் பிணத்துக்கு ஆண்டுவிழா நாடகத்தில் முக்கிய வேஷம்.

அவளுக்கு அது வேண்டும்.

"பேசாம படுத்துக் கெடக்க எதுக்குமா மதுரை? நம்ம வீட்லயே படுக்கலாமே" என்று அப்பா கேட்டிருந்தார். இந்த வருஷம் வேஷம் இல்லையென்றால் ஊர்தான்.

மைக்கில் பிரின்சிபால் பள்ளியின் வரலாற்றை முழங்கிக்கொண்டிருந்தார். வரலாறு என்றால் ஒரே சம்பவம். நிறுவனர், கூத்துச் செம்மல் வைத்தமாநிதி, ஒரு நாடகத்தில் பிணமாகக் கிடந்தார். ஏதோ ஒன்று அவர் மார்பின் மீது ஏறி ஓடியது. அவர் அசையவில்லை. முன்வரிசையில் இருந்த கலெக்டர் எழுந்து நின்று அழுதார். அந்தக் கண்ணீரில் பிறந்ததாம் இந்தப் பள்ளி.

போன வருஷம் வரை ஓடியது எலியாம். நேற்றைய ஒத்திகையில் அது நல்ல பாம்பாகிவிட்டது. வரலாறு வளரத்தானே செய்யும்.

"அன்று, அந்த மகானின் மார்பின் மீது ஏறியது..."

நின்றுவிட்டார்.

மைக் இரைந்தது. தலைமை விருந்தினரான வங்கி மேலாளரின் கொட்டாவி பாதியில் அறுந்தது.

"ஏறியது..."

பிரின்சிபாலின் வெறுங்கால் கட்டைவிரல் மேடைப் பலகையைச் சுரண்டும் சத்தம் அவள் காதருகே கேட்டது.

எறும்பு உதட்டுக்கு இறங்கியிருந்தது. அதைத் தாங்க முடிந்தது. இதைத் தாங்க முடியவில்லை.

பக்கத்துப் பிணமான சேவியர் அவள் மூச்சின் வேகத்திலேயே கண்டுபிடித்துவிட்டான்.

"ஏய், சும்மா கெட. அவரு பாடு" என்றான், பல்லிடுக்கில்.

"நல்ல பாம்பு" என்றாள் அவள்.

மெல்லத்தான் சொன்னாள். மைக் நல்ல மைக். அரங்கம் முழுக்கக் கேட்டது.

"நல்ல பாம்பு!" என்று கர்ஜித்தார் பிரின்சிபால்.

கைதட்டல். அது அடங்கியதும் குனிந்தார்.

"பொணம் பேசுமாம்மா? எந்திரி. வெளிய போ."

எழுந்தாள். எறும்பைத் தட்டிவிட்டாள். துணியை மடிக்கப் பார்த்து, அப்படியே போட்டுவிட்டு இறங்கி நடந்தாள்.

வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. தன்னுடையதில் ஒன்றைத் தேடி மாட்டினாள்.

உள்ளே அவர் குரல் மறுபடி ஏறியது.

"அதைக் கண்ட மாத்திரத்தில், முன்வரிசையில் வீற்றிருந்த..."

மைக் இரைந்தது.

"வீற்றிருந்த..."

எந்தப் பிணமும் வாய் திறக்கவில்லை. நல்ல பயிற்சி.

அவர் மேடையில் அந்தக் காலியிடத்தைப் பார்த்தார். அப்புறம் வாசலை.

அவளுடைய இன்னொரு செருப்பு கண்ணெதிரேதான் கிடந்தது.

அவள் இன்னும் தேடிக்கொண்டிருந்தாள்.