யார் வரைந்த கூரை

நாற்பத்திரண்டு லட்சம் டாலர். வீட்டுக்கு அல்ல, வீட்டை இடித்துத் தள்ளிய பிறகு மிஞ்சும் மனைக்கு.

வீட்டின் சொந்தக்காரன் கிரெய்க் டெலிஞ்சர் அந்தத் தொகையை இரண்டு முறை சொன்னான். எண்பத்திரண்டு வயது வெர்னா ஹாஸ்கெட், தன் ட்ரெய்லர் வீட்டின் மடக்கு மேஜையில் பேரீச்சம்பழ மில்க்‌ஷேக்கை உறிஞ்சியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பார்ட்டி ரெடி, வெர்னா. நடுவுல எவனோ நகரசபைல இதைக் குடுத்துத் தொலைச்சிருக்கான்."

கையால் எழுதிய மனு ஒன்றின் நகலை மேஜையில் எறிந்தான். 'ரோலண்ட் டெலிஞ்சர் 1958இல் வடிவமைத்த இந்த வீட்டைப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்க வேண்டும்.' அச்சுக் கோத்தாற்போல், ஒரே உயரத்தில், ஒரே சாய்வில் நின்றன எழுத்துகள். அனுப்பியவர் பெயரை மட்டும் நகரசபை கறுப்பு மையால் அடித்திருந்தது.

"சின்னம்னு அறிவிச்சிட்டா ஒரு ஜன்னலைக்கூட மாத்த முடியாது."

"உங்கப்பா வரைஞ்ச வீடாச்சே. பெருமைதானே?"

"அப்பா வரையலைன்னு உங்களுக்கே தெரியும்."

வெர்னாவின் வாயிலிருந்து உறிஞ்சுகுழல் நழுவியது. ஐம்பத்தெட்டு வருடத்தில் டெலிஞ்சர் குடும்பத்தார் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

வண்ணத்துப்பூச்சி இறக்கைபோல் விரிந்த கூரையோடு அந்த வீட்டை முழுக்க அவள் இருபத்து நாலு வயதில், ரோலண்டின் அலுவலகத்தில் வேலை பார்த்தபோது வரைந்தாள். ரோலண்ட் அடியில் தன் கையெழுத்தைப் போட்டுக்கொண்டார். பத்திரிகைக்காரர்கள் வந்த அன்று அவளைக் காபி போடச் சொன்னார். ஏனென்று கேட்டாள், வேலை போயிற்று. பிறகு முப்பது வருடம் நீச்சல் குளங்களுக்கு வரைபடம் போட்டே வயிற்றைக் கழுவினாள்.

"இதையே நான் சொன்னப்போ, கிழவிக்குப் பைத்தியம்னு வக்கீல் நோட்டீஸ் விட்டியே?"

"அது அப்போ."

"இப்போ யாருக்குத் தெளிஞ்சிருக்கு? எனக்கா, உனக்கா?"

கிரெய்க் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். "வந்து சாட்சி சொல்லுங்க. அப்பா வரையலைன்னா அவங்க கேஸே நிக்காது. பத்தாயிரம் தர்றேன்."

"காசு வேணாம். பைத்தியம் சொன்னா எவன் நம்புவான்? உங்கப்பா உன்கிட்ட சொன்னதை நீயே எழுதி, கையெழுத்துப் போட்டு, சபைல எழுந்து நின்னு வாய்விட்டுப் படி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

எதிராளி ரொம்ப மலிவாகக் கேட்டால் சரக்கை ஒரு தரம் புரட்டிப் பார்க்க வேண்டும். கிரெய்க் புரட்டிப் பார்க்கவில்லை.

விசாரணை நாளில் நகரசபை மண்டபம் நிரம்பி வழிந்தது. பழைய வீடுகளைப் பார்க்க ஊர் ஊராய் ஆட்கள் வந்திறங்கும் பிப்ரவரி வாரம் அது. கிரெய்க் எழுந்து கனைத்துக்கொண்டு படித்தான்.

"என் தந்தை இந்த வீட்டை வடிவமைக்கவில்லை. இதன் ஒவ்வொரு கோடும் வெர்னா ஹாஸ்கெட் வரைந்தது. இதை என் தந்தையே சாகும்முன் என்னிடம் சொன்னார்."

வெர்னா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

சபைத் தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "மிஸ்டர் டெலிஞ்சர், உங்க அப்பா வரைஞ்ச வீடு இந்த ஊர்ல பதினொண்ணு இருக்கு. ஒண்ணு போனா போகட்டும்னு நாங்களே யோசிச்சிட்டிருந்தோம். ஆனா அந்தக் காலத்துல ஒரு பொண்ணு தனியா வரைஞ்ச வீடு இது ஒண்ணுதான். இதை எப்படி இடிக்க விடுறது?"

வீடு சின்னமாகட்டும் என்று சபை உறுப்பினர்கள் ஏழு பேரும் கை தூக்கினார்கள். கிரெய்க் உட்கார மறந்து நின்றான்.

வடிவமைத்தவர் பெயரைப் பதிவேட்டில் அவரே எழுதட்டும் என்று குமாஸ்தா வெர்னாவிடம் பேனாவை நீட்டினார். அவள் அவசரப்படவில்லை. எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன: அச்சுக் கோத்தாற்போல், ஒரே உயரத்தில், ஒரே சாய்வில்.

கிரெய்க் பதிவேட்டைப் பார்த்தான். கையிலிருந்த நகலைப் பார்த்தான்.

"நீங்களா? அப்புறம் ஏன் அப்பா பேரைப் போட்டீங்க?"

"என் பேரைப் போட்டிருந்தா நீ இல்லேன்னு சொல்லியிருப்ப."

வெர்னா பேனாவை மூடினாள்.

"உங்கப்பா ஒரு கையெழுத்துல எடுத்ததை நீ ஒரு கையெழுத்துல திருப்பிட்ட, கிரெய்க். அந்த நாற்பத்திரண்டு லட்சம், வட்டி."